துப்பாக்கிக்கும் உண்டு பரீட்சை! மொரப்பூர் வாசகர்கள் ஸ்பெஷல் கேள்வி-பதில்

சினிமா, அரசியல், மாமியார் மூவருக்கும் இந்த இதழில் விடுமுறை. மொரப்பூர், கம்பைநல்லூர், கடத்தூர், அரூர்ப் பக்கத்து வாசகர்கள் சொல்லிவைத்த மாதிரி துப்பாக்கியைப் பற்றியே கேட்டுத் தள்ளியிருக்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருப்பதால் தொழிலும் ஊரும் மட்டும் போட்டிருக்கிறேன். காரணம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்லது.

கே: ராணுவத்துக்குச் செய்கிற துப்பாக்கிக்கு ஒரு தரம், பொதுமக்களுக்கு விற்கிற துப்பாக்கிக்கு இன்னொரு தரமாமே? நம்ம உயிர் என்ன அவ்வளவு இளப்பமா?
(டீக்கடைக்காரர், மொரப்பூர்)

ப: உயிர் ஒன்றுதான், கேள்வித்தாள் வேறு. பொதுமக்கள் துப்பாக்கியிடம் முக்கியமாகக் கேட்பது ஒன்றே ஒன்று: சுடுகிறவர் முகத்திலேயே வெடித்துத் தொலைய மாட்டாயே? ராணுவத் துப்பாக்கியிடம் அதையும் கேட்டுவிட்டு மேற்கொண்டும் குடைவார்கள். சேற்றில் புரட்டி எடுத்தால் சுடுவாயா? சியாச்சின் குளிரில்? ராஜஸ்தான் மணலில்? குண்டு ஏற்றியபடி கீழே விழுந்தால் தானாக வெடிக்காமல் இருப்பாயா? பல ஆயிரம் ரவுண்டு போன பிறகும் குறி தவறாமல் இருக்குமா? உடைந்துபோன பக்கத்துத் துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றிப் போட்டால் ஏற்றுக்கொள்வாயா? அந்தக் காலத்து வேட்டைக்காரர் துப்பாக்கி நடுவில் சிக்கிக்கொண்டால் மான் பிழைத்துப் போகும். ஜவானின் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் பிழைப்பது எதிராளி.

கே: ஓசூரில் லேத் ஓட்டுகிறேன், வாரக்கடைசியில்தான் ஊருக்கு வருவேன். துப்பாக்கியையும் எங்களை மாதிரி கேஜ் போட்டுப் பார்த்துத்தான் பாஸ் பண்ணுவார்களா?
(லேத் ஆபரேட்டர், மொரப்பூர்)

ப: அப்படியேதான். தோட்டா உட்காரும் அறையின் ஆழத்தைப் பார்க்க 'கோ', 'நோ-கோ' என்று இரண்டு கேஜ். முதலாவதைப் போட்டால் போல்ட் முழுசாகப் பூட்ட வேண்டும். இரண்டாவதைப் போட்டால் பூட்டவே கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மில்லிமீட்டரில் ஒரு துளி. அந்த இடைவெளி கூடிப்போனால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு பின்பக்கமாக, அதாவது சுடுகிறவர் கண்ணைப் பார்த்து வரும்.

கேஜ் பாஸானதும் 'புரூஃப்'. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தருகிற தோட்டாவை வேண்டுமென்றே ஏற்றி, ஆள் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு சுட்டுப் பார்ப்பார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ரைஃபிளுக்கு 25 சதவீதம் கூடுதல் அழுத்தம் என்று கணக்கு. அமெரிக்க ராணுவத்தின் எம்-16க்குச் சாதாரணத் தோட்டா சுமார் 55,000 பி.எஸ்.ஐ. என்றால் சோதனைத் தோட்டா 70,000. அதோடும் விட மாட்டார்கள். சுட்டு முடித்த போல்ட்டுக்குக் காந்தமேற்றி, இரும்புத்தூள் கலந்த திரவத்தை அதன் மேல் ஓடவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தூள் அங்கே போய்க் கோடாக ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். உங்கள் பக்கத்து ஷெட்டில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு நடக்கிற அதே கிராக் டெஸ்ட்தான். நீங்கள் ராணுவத் தரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், சம்பளம்தான் ராணுவத் தரத்தில் இல்லை.

கே: ஒவ்வொரு துப்பாக்கியையும் இப்படிச் சோதித்தால் கட்டுப்படியாகுமா?
(மளிகைக்கடை உரிமையாளர், கடத்தூர்)

ப: வியாபாரி கேட்கிற கேள்வி! கட்டுப்படியாகாது என்பதால்தான் வணிகத் துப்பாக்கி செய்கிற கம்பெனிகள் பலவும் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கின்றன. ஒரு தொகுதி போல்ட்டில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு மீதியை நம்பி அனுப்புகின்றன. எம்-16 மாதிரி ராணுவ ஒப்பந்தங்களில் போல்ட்டும் குழலும் தலைக்குத் தலை சோதனைக்குப் போகும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில துப்பாக்கிகளை உருவி ஆயிரக்கணக்கில் சுட்டுத் தேய்ப்பார்கள். இன்னும் சிலவற்றை அக்கக்காகப் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலைத்துப் போட்டு, கைக்கு வந்ததை எடுத்து மறுபடி பூட்டுவார்கள். சரியாக வரவில்லை என்றால் தொகுதியையே திருப்பி அனுப்பும் உரிமை ராணுவத்துக்கு உண்டு.

கடையில் வாங்குகிறவருக்கு அது கிடையாது. ரசீதைக் காட்டி ஒன்றை மாற்றிக் கேட்கலாம், அவ்வளவே. என்னைக் கேட்டால் ராணுவத் தரம், பொதுமக்கள் தரம் என்கிற பேச்சில் முக்கால்வாசி இந்தத் திருப்பி அனுப்புகிற அதிகாரத்தைப் பற்றியதுதான். எஃகெல்லாம் அப்புறம்.

கே: குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை. துப்பாக்கிக்கு?
(இல்லத்தரசி, மொரப்பூர்)

ப: அதற்கு வேறு முத்திரை அம்மா. புரூஃப் சோதனையில் தேறியதற்கான அடையாளத்தைக் குழலிலேயே அடித்துவிடுவார்கள். லண்டனில் பதினேழாம் நூற்றாண்டிலேயே, பர்மிங்காமில் 1813ல் இதற்கென்று தனிச் சாலைகள் வைத்துவிட்டார்கள். அதுபோக, தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் துப்பாக்கியில் இருக்க வேண்டும் என்கிறது நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8வது பிரிவு. அந்த எண்ணை யாரோ ராவி அழித்திருந்தாலும், மறுத்து நிரூபிக்கிற வரை, கையில் வைத்திருப்பவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். குக்கர் அவ்வளவு வம்பில் மாட்டிவிடாது.

கே: ராணுவத்துக்கு .303, பொதுமக்களுக்கு .315. அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு வித்தியாசம். இதற்குப்போய் எதற்கு இரண்டு துப்பாக்கி?
(ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், பொம்மிடி)

ப: அந்த 12 பங்குக்குள் ஒரு சாம்ராஜ்யத்தின் பயமே அடங்கியிருக்கிறது சார். 1857 எழுச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு இந்தியன் கையில் துப்பாக்கியைப் பார்த்தாலே தூக்கம் போய்விட்டது. 1878ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க முடியாமல் போனது. அதற்கப்புறமும் ஒரு சந்தேகம்: பாசறையிலிருந்து .303 தோட்டாவைத் திருடி ஜமீன்தாரின் வேட்டைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டுவிட்டால்? ஆகவே பொதுமக்களுக்கு .315. ராணுவத் தோட்டா இதில் சேராது.

போலீஸ்காரர் மீதாவது நம்பிக்கை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலைக் குடைந்து, உள்ளே இருந்த சுழல்வரிகளை எடுத்து .410 மஸ்கெட் ஆக்கினார்கள். ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். ஒரே குடும்பத்துத் துப்பாக்கியை ராணுவத்துக்கு ஒரு மாதிரி, போலீசுக்கு ஒரு மாதிரி, குடிமக்களுக்கு ஒரு மாதிரி பிரித்துவைத்த சாமர்த்தியம் அது. 1904ல் தொடங்கிய வங்காளத்து ஈசாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலைக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு.

சுதந்திரம் வந்த பிறகும் கணக்கு மாறவில்லை. .303, 7.62, 5.56, 9 மி.மீ. எல்லாம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். .315 இன்றும் லைசென்ஸ்காரர்களின் ரைஃபிள். வெள்ளைக்காரன் போய் 75 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் சந்தேகம் மட்டும் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

கே: அப்படியானால் தடை செய்யப்பட்ட ரகம் என்பதே தரத்தில் உயர்ந்தது என்று அர்த்தமா?
(சட்டக் கல்லூரி மாணவர், அரூர்)

ப: இல்லை. அது யார் வைத்திருக்கலாம் என்பதற்கான கோடு. ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1962 சீனப் போருக்குப் பிறகு ஈசாப்பூரில் பழைய லீ-என்ஃபீல்டை 7.62 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தார்கள். புதுத் தோட்டாவின் அழுத்தம் கூடுதல் என்பதால் எஃகையும் மேம்படுத்தினார்கள். 2ஏ, 2ஏ1 என்று பெயர். வேலை முடிந்து கழித்துக்கட்டியபோது அவற்றில் நிறைய அமெரிக்காவுக்குப் போய், அங்கே கடையில் வைத்து விற்றார்கள். டெக்ஸாஸ் விவசாயி வாங்கலாம். அதைச் செய்ய வரி கட்டிய அரூர் விவசாயி தொட்டால் தடை செய்யப்பட்ட ஆயுதம்! 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சம் ஏழு வருஷம்.

கே: நம்ம தமிழ்நாட்டில் துப்பாக்கி செய்கிறார்களா?
(எட்டாம் வகுப்பு மாணவி, கம்பைநல்லூர்)

ப: செய்கிறார்கள் பாப்பா. திருச்சி நவல்பட்டில் 1966லிருந்து அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள் அங்கேயும் தயாரானது. 'டார்' என்கிற திருச்சி அசால்ட் ரைஃபிள் அங்கே பிறந்ததுதான். போலீஸ் படைகளுக்குப் போகிறது. பொதுமக்களுக்கான 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியும் அதே வளாகத்தில். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கேள்வித்தாள்! 2021 அக்டோபர் 1ஆம் தேதி 41 தொழிற்சாலைகளை நடத்திய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். திருச்சி இப்போது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் வருகிறது.

கே: இன்சாஸ் தூக்கியவன் நான். அவ்வளவு சோதனை பண்ணித்தான் கொடுத்தார்கள் என்றால் கார்கிலில் மேகசின் ஏன் விரிந்தது?
(முன்னாள் ஹவில்தார், தாளநத்தம்)

ப: ஐயா, நீங்கள் கேட்டால் எழுந்து நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். புனேயில் வடிவமைத்து, 1990களில் படைக்கு வந்த துப்பாக்கி அது. 1999 கார்கில் குளிரில் அந்தப் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது. மும்மூன்றாகச் சுட வேண்டியது நிற்காமல் சுட்டது என்றும் புகார். 2005ல் நேபாள ராணுவமும் மாவோயிஸ்டுகளோடு நடந்த சண்டையில் இது காலை வாரிவிட்டதாகச் சொன்னது. பராமரிப்புச் சரியில்லை என்றது நம் தரப்பு.

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் இருக்கிறபடியே செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது தரக் கட்டுப்பாடு. வரைபடமே சரியா என்று பார்ப்பது வேறு பரீட்சை. குளிரில் விரிகிற பிளாஸ்டிக்கை அளவு பிசகாமல் அச்சு அசலாக வார்த்து, கேஜ் போட்டு, முத்திரையும் குத்தி அனுப்ப முடியும். எல்லாக் காகிதமும் சுத்தமாக இருக்கும். மலை உச்சியில் நின்ற உங்களுக்கு மட்டும்தான் முடிவு தெரியும்.

கே: தயாரிப்பவர் யார், சோதிப்பவர் யார்?
(வழக்கறிஞர் குமாஸ்தா, அரூர்)

ப: விவகாரமான கேள்வி. நெடுங்காலம் தயாரித்தது ஆயுதத் தொழிற்சாலை வாரியம். ராணுவத்துக்காகச் சோதித்து வாங்கியது டி.ஜி.க்யூ.ஏ. என்கிற தர உறுதி இயக்ககம். இரண்டுமே பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரே உற்பத்தித் துறைக்குக் கீழே. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒன்றே என்றால் சீர்வரிசையில் குறை சொல்வது யார்? 2014 முதல் 2020 வரை தரக்குறைவான வெடிபொருட்களால் 960 கோடி ரூபாய் நஷ்டம் என்று ராணுவத்தின் உள் அறிக்கை ஒன்று சொன்னதாகச் செய்திகள் வந்தபோது, வாரியம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ராணுவம் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொன்னதும் உண்டு. 2017ல் ஈசாப்பூரின் புதிய 7.62 ரைஃபிள் சோதனையில் அடிக்கடி சிக்கியதால் திருப்பி அனுப்பிவிட்டது. 2019ல் அமெரிக்க சிக் 716 ரைஃபிள் 72,400 வாங்க ஒப்பந்தம் போட்டது.

கே: இதெல்லாம் நம்ம நாட்டில்தான். அமெரிக்காக்காரன் இப்படிக் கோட்டை விடுவானா?
(மொபைல் கடைக்காரர், மொரப்பூர்)

ப: விட்டான், அதுவும் பெரிய கோட்டை. வியட்நாமுக்குப் புது எம்-16 போனது. தோட்டாவின் மருந்தை மாற்றினார்கள். அதனால் சுடும் வேகமும் கூடியது, உள்ளே அழுக்கும் கூடியது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துடைக்கவே தேவையில்லாத துப்பாக்கி என்று பேச்சைக் கிளப்பி, துடைக்கும் சாமானைக்கூடப் பலருக்குக் கொடுக்கவில்லை. சிக்கிய தோட்டாவைக் கம்பியால் குத்தி எடுக்கும்போதே செத்துப்போனார்கள் பையன்கள்.

1967ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது வந்ததுதான் உச்சம். புது மருந்துத் தோட்டாவை வைத்துச் சுட்டால் துப்பாக்கி வேக வரம்பைத் தாண்டித் தொழிற்சாலைப் பரீட்சையில் தேறவில்லை. அதனால் பரீட்சைக்குப் பழைய மருந்துத் தோட்டாவைப் பயன்படுத்த அனுமதித்திருந்தார்கள். போர்க்களத்துக்குப் போனது புது மருந்து! பரீட்சையில் எல்லாரும் பாஸ். பிறகு குரோமியம் பூசினார்கள், துடைக்கும் சாமான் கொடுத்தார்கள், படக்கதை மாதிரி ஒரு பராமரிப்புக் கையேடும் போட்டார்கள். வரைந்தவர் காமிக்ஸ் உலகின் ஜாம்பவான் வில் ஐஸ்னர்.

கே: என் கடைக்கு வருகிற போன் கவரில்கூட 'மிலிட்டரி கிரேடு' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
(அதே மொபைல் கடைக்காரர்)

ப: கவரை நம்பி போனை மாடியிலிருந்து போட வேண்டாம். அந்த விளம்பரங்கள் பெரும்பாலும் சுட்டிக்காட்டுவது அமெரிக்க ராணுவத்தின் 'மில்-எஸ்.டி.டி.-810' என்கிற சோதனை முறைத் தொகுப்பை. அதில் வெயில், ஈரம், விழுதல், அதிர்வு என்று பலவகைச் சோதனை உண்டு. எதை வைத்துக்கொள்வது, எப்படி வைத்துக்கொள்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எந்த ராணுவமும் வந்து கையெழுத்துப் போடுவதில்லை. கேள்வியும் தானே, விடையும் தானே, மார்க்கும் தானே!

கே: அமெரிக்காவில் பொதுமக்கள் துப்பாக்கிக்குக் கட்டாயச் சோதனை உண்டா?
(பிளஸ் டூ மாணவர், கம்பைநல்லூர்)

ப: ஐரோப்பாவின் பல நாடுகள் மாதிரி கட்டாயப் புரூஃப் சட்டம் அங்கே இல்லை. 1926ல் தொடங்கிய தயாரிப்பாளர் சங்கம் ஒன்று வைத்திருக்கும் அளவுகளைக் கம்பெனிகள் தாங்களாக விரும்பிக் கடைப்பிடிக்கின்றன. அங்கே நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒன்று இருக்கிறது. பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்கலாம். நிஜத் துப்பாக்கி அதன் அதிகாரத்துக்குள் வராது. நம்பவில்லை என்றால் ஜெனரல் நாலெட்ஜ் வாத்தியாரைக் கேள்.

கே: குறி தவறாமல் சுடுவதில் ராணுவத் துப்பாக்கிதானே உசத்தி?
(கபடி வீரர், ஈச்சம்பாடி)

ப: இல்லை தம்பி. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கையில் இருக்கும் ஏர் ரைஃபிளைப் பாருங்கள். 10 மீட்டர் தூரத்தில் அவர் குறி வைக்கிற நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அந்தக் காரியத்தில் எந்த ராணுவ ரைஃபிளும் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அந்த விளையாட்டுத் துப்பாக்கியை ஈச்சம்பாடி அணைச் சேற்றில் ஒரு முறை போட்டு எடுத்தால் கதை முடிந்தது. ராணுவக் குழலுக்குள் குரோமியம் பூசுவது ஆயுளுக்காகவும் துருவுக்காகவும். அதற்காகத் துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் தயங்க மாட்டார்கள்.

கே: சினிமாவில் ஹீரோ ஏ.கே.47ஐ அரை மணி நேரம் சுடுகிறாரே?
(ஆட்டோ ஓட்டுநர், மொரப்பூர்)

ப: நிமிஷத்துக்கு 600 ரவுண்டு வேகம், மேகசினில் 30. விரலை எடுக்காமல் சுட்டால் மூன்று வினாடி. மீதி நேரத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு.

கே: பேங்க் வாசலில் நிற்கிறவர் துப்பாக்கி நிஜமாகவே சுடுமா?
(நகைக்கடன் வைத்தவர், மொரப்பூர்)

ப: சுடும். அதனால் அதன் பக்கத்தில் சாய்ந்து நின்று பாஸ்புக் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் 12 போர். டபுள் பேரல் என்றால் இரண்டு தோட்டா. ராணுவத்தில் ஆர்மரர் என்று ஒருவர் இருப்பார், அவ்வப்போது கேஜ் போட்டுப் பார்ப்பார், தேய்ந்ததை மாற்றுவார். வங்கி வாசலில் பெரும்பாலும் அந்த வேலையைப் பார்ப்பது, காவலுக்கு நிற்கும் முன்னாள் ராணுவத்தாரின் விடாத பழக்கம்தான். தொழிற்சாலையில் பிறந்தபோது ஒரு முறை புரூஃப் பார்த்ததோடு சரி, அப்புறம் இருபது முப்பது வருஷம் எண்ணெயும் துணியும்தான் காப்பாற்ற வேண்டும். பழைய துப்பாக்கி கை தவறி விழுந்தால் வெடிக்கவும் கூடும். விழுந்தால் வெடிக்கக் கூடாது என்று ராணுவத்தில் வைக்கிற சோதனை எவ்வளவு அவசியம் என்பது அப்போதுதான் புரியும்.

கே: தேர்தல் வந்தால் எங்கள் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் வைக்கச் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது துருப்பிடித்திருக்கிறது. இது தரக் கட்டுப்பாட்டில் வருமா?
(தென்னந்தோப்புக்காரர், கம்பைநல்லூர்)

ப: ஒப்படைக்கும் முன் குழலுக்கு உள்ளே வெளியே எண்ணெய் பூசி, ரசீதில் துப்பாக்கியின் நிலையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் குழலைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்காமல் தோட்டா போடாதீர்கள். ஒரு குளவிக்கூடு போதும், குழல் கிழிய.

கே: வீரப்பன் கையில் இருந்தது எந்தத் தரம்?
(ஓட்டல் சப்ளையர், தருமபுரி)

ப: அதில் கொஞ்சம் அரசாங்கம் சோதித்து வாங்கியதே. 1998ல் வெள்ளித்திருப்பூர் காவல் நிலையத்துக்குள் புகுந்து துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனாரே! 2004 அக்டோபர் 18ல் உங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிப் பக்கத்தில்தான் அந்தக் கதை முடிந்தது.

கே: மொரப்பூர் - தருமபுரி ரயில் பாதைக்கும் ராணுவத் தரத்தில் சோதனை நடக்கிறதோ, இவ்வளவு தாமதம்?
(தினமும் பஸ்ஸில் போகும் கிளார்க், மொரப்பூர்)

ப: 1941ல் மூடிய பாதை, 2019 மார்ச்சில் அடிக்கல், 36 கிலோமீட்டர். ராணுவமும் இன்சாஸுக்கு மாற்றுத் தேடி 2011ல் டெண்டர் விட்டு 2015ல் ரத்து செய்தது. வேகத்தில் நீங்கள் ஏற்கெனவே ராணுவத் தரம்தான்.

கே: பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்கிறார்களே, எங்கள் சின்னப் பட்டறைக்கு அதில் ஏதாவது கிடைக்குமா?
(பட்டறை உரிமையாளர், மொரப்பூர்)

ப: சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து முனை அறிவித்திருக்கிறார்கள். சேலத்துக்கும் ஓசூருக்கும் நடுவில் நீங்கள். உதிரிபாகம் செய்து கொடுக்கலாம். ஆனால் மெஷினுக்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தைச் சரிசெய்யுங்கள். இந்தப் பாகத்தின் இரும்பு எந்த உருக்கில் வந்தது, அதன் பரிசோதனைச் சான்று எங்கே, எந்தத் தேதியில் யார் அளந்தார், எந்த மைக்ரோமீட்டரில் அளந்தார், அந்த மைக்ரோமீட்டரை எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பாகம் உடைந்தால் அந்த உருக்கில் வந்த அத்தனையையும் தேடிப் பிடிக்க வேண்டுமே! 'நம்ம பையன்தான் கடைஞ்சான், நல்லாத்தான் இருக்கும்' என்கிற சான்றிதழ் செல்லாது.

கே: ஏர்கன் வாங்கினால் லைசென்ஸ் வேண்டுமா? மயில் தொல்லை தாங்கவில்லை.
(விவசாயி, எருமியாம்பட்டி)

ப: .177 அளவுக்கு மேற்படாமல், 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். மயிலைச் சுட்டால் ஜெயில். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம், மயிலுக்குச் சட்டம் இருக்கிறது.

கே: காட்டுப்பன்றி மரவள்ளியைக் குடைந்து தள்ளுகிறது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களைப் பிடிக்கிறீர்களே, எங்களுக்கு வேறு வழி என்ன?
(விவசாயி, பாப்பிரெட்டிப்பட்டி)

ப: நான் யாரையும் பிடிக்கவில்லை ஐயா, பேனாதான் பிடித்திருக்கிறேன். உங்கள் கோபம் நியாயம். ஒரு ராத்திரியில் ஒரு ஏக்கர் போய்விடுகிறது, இழப்பீடு வருவதற்குள் அடுத்த பயிரும் போய்விடுகிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுடலாம் என்று 2025ல் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் சுட வேண்டியது வனத்துறை, விவசாயி அல்ல. மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊரே சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது. அவுட்டுக்காய் (தீனியில் மறைத்து வைக்கும் வெடி) பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அதைப் பன்றிதான் கடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மாடு கடிக்கும், யானை கடிக்கும், பந்து என்று நினைத்துக் குழந்தை எடுக்கும்.

கே: நாட்டுத் துப்பாக்கியும் பல வருஷமாகச் சுட்டுக்கொண்டுதானே இருக்கிறது? அதற்கு என்ன தரக் குறைவு?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர், சித்தேரி மலைப் பக்கம்)

ப: இந்த இதழில் நான் நிதானமாகப் பதில் எழுதிய கேள்வி இது. கார் டயரில் காற்று 32 பி.எஸ்.ஐ. முறைப்படி செய்த 12 போர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் 11,500 வரை ஏறும். அதைத் தாங்குகிற எஃகு எது, சுவர் எவ்வளவு கனம், எங்கே கனம் கூட வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதிக அழுத்தத்தில் சுட்டும் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். பட்டறைத் துப்பாக்கியின் குழல் பல நேரம் தண்ணீர்க் குழாய். அது தண்ணீருக்காகச் செய்தது. நீளவாக்கில் ஒரு வெல்டிங் தையல் ஓடும். கிழிந்தால் முதலில் கிழிவது அந்த இடம். உள்ளே போடுவது பட்டாசு மருந்து, அளவு கைக்கு வந்தது. நேற்று ஈரம், இன்று காய்ந்தது என்றால் அழுத்தமும் நாளுக்கு ஒன்று. அதன் மேல் பால்ரஸ் குண்டு.

பல வருஷம் சுட்டது என்பதே அதற்கு ஆபத்து. ஒவ்வொரு வெடிக்கும் உலோகம் கொஞ்சம் அயர்கிறது. உள்ளே மருந்துக் கசடு சேர்ந்து அரிக்கிறது. விரிசல் வெளியே தெரியாது. தொழிற்சாலையில் காந்தமும் இரும்புத்தூளும் கண்டுபிடிக்கிற விரிசலை இங்கே கண்டுபிடிப்பது இடது கை. குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் கை அதுதான். ராணுவத் துப்பாக்கியை ராணுவம் சோதிக்கிறது, கடைத் துப்பாக்கியைப் புரூஃப் சாலை சோதிக்கிறது. இதை நீங்களே, ஒவ்வொரு முறையும், கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சோதிக்கிறீர்கள்.

கே: வீட்டுக்காரர் பாதுகாப்புக்கு லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்கிறார். என்ன சொல்லட்டும்?
(ஆசிரியை, கடத்தூர்)

ப: முதலில் பயிற்சிச் சான்று வாங்கி வரச் சொல்லுங்கள், 2016 விதிகள் அதைக் கேட்கின்றன. பெண்களுக்கென்று கான்பூரில் 2014ல் வந்த 'நிர்பீக்' ரிவால்வர் அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் என்று சொல்லுங்கள். அதற்கும் அசரவில்லை என்றால், லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு அதோடு நிற்கும்.

கே: தாத்தா காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. லைசென்ஸ் இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு முறை சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாமா?
(தனியார் கம்பெனி ஊழியர், சித்தேரி)

ப: சுட்டுப் பார்க்கவே வேண்டாம். உள்ளே பழைய மருந்து இருக்கலாம். குழலை யார் பக்கமும் திருப்பாமல், குதிரையைத் தொடாமல் அப்படியே வையுங்கள். தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்ததற்கான காகிதம் கிடைத்தால் வாரிசு என்ற முறையில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இல்லை என்றால் தாமதிக்காமல் ஒரு வக்கீலையோ ஊர்ப் பெரியவர்களையோ கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து, எழுத்தில் ரசீது வாங்குங்கள். சட்டப்படி வைத்திருக்க முடியாமல் போன ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஆயுதச் சட்டத்தின் 21வது பிரிவு வழி வைத்திருக்கிறது. தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று உங்கள் மாவட்டப் போலீசார் மலைக் கிராமங்களில் அறிவிப்பதும் புதிதல்ல. அப்படி அறிவிப்பு வரும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 2019 திருத்தத்தின்படி குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் சிறை.